இன்றைக்கு ஏன் மூச்சு முட்டியது? தீவிர இதயச் செயலிழப்பைத் தூண்டிய காரணத்தைத் தேடும் வழி

அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். நடு ராத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு, படுக்க முடியாமல், வியர்த்து நனைந்து ஒருவர் வருகிறார். ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் கொரகொரவென்று நீர்ச் சத்தம். நீரை இறக்கும் லாசிக்ஸ் (ஃபுரோசிமைடு) போடுகிறீர்கள், முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுத் தரும் பைபாப் மாட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் ஆள் பேச ஆரம்பித்துவிடுகிறார். வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் பாதிதான் முடிந்திருக்கிறது.

இவர்களில் பலருக்கு இதயம் நேற்றுப் பலவீனமானதில்லை. மாதக்கணக்காக, வருஷக்கணக்காக அதே இதயத்தோடு கடைக்குப் போய்வந்து, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு, நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான். அப்படியிருந்தவரை இன்றைக்கு எது கவிழ்த்தது? இதற்குப் பதில் தெரியாமல் நீரை மட்டும் இறக்கி அனுப்பினால் அதே காரணம் மறுபடி அவரைக் கொண்டுவந்து சேர்க்கும். சில காரணங்கள் அதுவரைகூடக் காத்திருக்காது, அன்று ராத்திரியே ஆளைக் கொண்டுபோய்விடும்.

தேடினால் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்கும். அமெரிக்காவில் 259 மருத்துவமனைகளில் சேர்ந்த 48,612 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. அதில் 61 சதவீதம் பேரிடம் ஒரு காரணமாவது கண்டுபிடிக்கப்பட்டது. நிமோனியா போன்ற நுரையீரல் கோளாறுகள் 15 சதவீதம், இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தது ஏறக்குறைய 15, துடிப்புக் கோளாறு 13.5, கட்டுக்கடங்காத பிபி 11, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதது 9. நம் ஊர் கேஷுவாலிட்டியில் கடைசியாகச் சொன்னதன் பங்கு இன்னும் பெரிது என்பது என் எண்ணம். அதனால்தான் அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: சிகிச்சையும் தேடலும் ஒன்றாக ஓடட்டும்

காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து என்று காத்திருக்கக் கூடாது. ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கப் போடட்டும். ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் கொடுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டி, ஆக்சிஜன் கொடுத்தும் திணறினால் பைபாப் அல்லது சிபாப். ஃபுரோசிமைடு ஏற்கெனவே சாப்பிடுபவர் என்றால் அவருடைய தினசரி அளவுக்குச் சமமாகவோ அதில் இரண்டு மடங்கு வரையிலோ நரம்பு வழியாகப் போடலாம். இதுவரை சாப்பிடாதவருக்கு 20 முதல் 40 மி.கி. போடலாம். மேல் பிபி 110-க்கு மேல் இருந்தால், ரத்தக்குழாயை விரிக்கும் என்டிஜி (நைட்ரோகிளிசரின்) உதவும். அதோடு சேர்ந்தால் பிபியைச் சரித்துவிடும் என்பதால், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று முன்னாலேயே தனியாக, கூட வந்தவர்கள் காதில் விழாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எதிரில் கேட்டால் உண்மை வராது.

இதெல்லாம் நடக்கும்போதே கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஓரளவு நேரம் இருக்கிறது. சில்லென்று இருந்து, பிபி 90-க்குக் கீழே போய், மூத்திரம் குறைந்து, ஆளும் குழம்பிப் பேசினால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. என்டிஜியைத் தொடாதீர்கள், சீனியரைக் கூப்பிடுங்கள்.

ஈசிஜி பத்து நிமிடத்துக்குள் கையில் இருக்க வேண்டும். பிபியை இரண்டு கையிலும் பாருங்கள்.

இரண்டாம் படி: காத்திருக்காத காரணங்களை முதலில் தள்ளுங்கள்

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் ஏழு காரணங்களை உடனே தேடச் சொல்கிறது: மாரடைப்பு, அதி உயர் பிபி, துடிப்புக் கோளாறு, இதயத்துக்குள் ஏதாவது கிழிந்தோ அடைத்தோ போவது, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, நோய்த்தொற்று, இதய உறைக்குள் நீர் சேர்ந்து இறுக்குவது. இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் ‘சாம்பிட்’ (CHAMPIT) என்று மனப்பாடம் செய்வார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இந்த ஏழுக்கும் உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடிய வேண்டும்.

மாரடைப்பிலிருந்து தொடங்குங்கள். 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 1,205 நோயாளிகளைப் பதிவு செய்தபோது, 72 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பின் அடிவேர் இதய ரத்தக்குழாய் நோயாக இருந்தது. நம் பக்கத்து நிலவரமும் இதைவிடப் பெரிதாக மாறாது. சர்க்கரை நோயாளிக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, பல சமயம் நெஞ்சுவலியே இருக்காது. மூச்சுத் திணறல் மட்டும்தான் மாரடைப்பின் அறிகுறியாக வரும். “வலி இல்லைங்க டாக்டர்” என்ற பதிலை வைத்து மாரடைப்பை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் ஈசிஜி தெளிவாக இல்லையென்றால் பதினைந்து, இருபது நிமிடத்தில் மறுபடி எடுங்கள், முதுகுப்பக்க லீடுகளையும் போட்டுப் பாருங்கள். பழைய ஈசிஜி பெரும்பாலும் மஞ்சள் பையிலோ பிளாஸ்டிக் ஃபைலிலோ கசங்கிக் கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதயத்தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டிரோபோனினை ஒருமுறை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இதயச் செயலிழப்பிலேயே அது லேசாக உயரும். இரண்டாவது முறை பார்க்கும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாரடைப்பும் நுரையீரல் நீரும் சேர்ந்து வந்தவரை ‘நீர் இறங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வைத்திருக்கக் கூடாது. ஈசிஜியில் எஸ்டி ஏற்றம் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்ய வேண்டிய கூட்டத்தில் அவர் இருக்கிறார். உங்கள் மருத்துவமனையில் வசதி இல்லையென்றால் எங்கே அனுப்புவது என்ற பேச்சை அப்போதே தொடங்குங்கள்.

அதி உயர் பிபி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நன்றாக இருந்தவர் 220/130 பிபியோடு, வாயில் நுரை தள்ள வருவார். காலில் வீக்கம் இருக்காது, எடையும் கூடியிருக்காது. இவர் உடம்பில் நீர் அதிகமாகச் சேரவில்லை. இருக்கிற நீர் நுரையீரலுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. என்டிஜியும் பைபாப்பும்தான் இவரைக் காப்பாற்றும், லாசிக்ஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பலனில்லை. இதே கதை திரும்பத் திரும்ப நடந்தால், சிறுநீரக ரத்தக்குழாய் இரண்டும் சுருங்கியிருக்கிறதா என்று பிறகு பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

துடிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு 150-இல் ஓடினால், அதனால் இதயம் தளர்ந்ததா, தளர்ந்ததால் ஓடுகிறதா என்ற குழப்பம் வரும். பிபி விழுந்து, வேகமான துடிப்பே காரணம் என்று தெரிந்தால் மின் ஷாக் கொடுத்துச் சரிசெய்வதில் தயங்க வேண்டாம். இல்லாவிட்டால் சீனியரோடு பேசி வேகத்தைக் குறையுங்கள். பம்ப் வலு குறைந்தவருக்கு டில்டியாசெம், வெரபமில் வேண்டாம். மெதுவான துடிப்பையும் மறக்காதீர்கள். முழு ஹார்ட் பிளாக், நின்றுபோன பேஸ்மேக்கர், சிறுநீரகம் கெட்டதால் உடம்பில் தங்கிவிட்ட டிகாக்சின், ஸ்பைரோனோலாக்டோனால் ஏறிய பொட்டாசியம் எல்லாமே இப்படி வரலாம். பொட்டாசியம் ஏறியதைக் காட்டும் அகன்ற கியூஆர்எஸ், கூர்மையான டி அலை ஈசிஜியில் தெரிந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் கால்சியம் குளுக்கோனேட்டுக்குத் தயாராகுங்கள்.

உள்ளே கிழிந்ததும் அடைத்ததும். மாரடைப்பு வந்து சில நாள் கழித்துத் திடீரென்று நுரையீரல் நிரம்பினால் வால்வைப் பிடித்திருக்கும் தசை கிழிந்திருக்கலாம், அறைச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். தசை கிழிந்தால் முணுமுணுப்புச் சத்தம் பலமாகக் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல சமயம் லேசாகத்தான் இருக்கும். இன்னொரு விஷயம், எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதி மட்டும் வெளுத்து நிமோனியா மாதிரி தெரியும். மைட்ரல் வால்வு திடீரென்று கசியும்போது நீர் அந்தப் பக்கமாகப் பீய்ச்சியடிப்பதால் வருவது அது.

செயற்கை வால்வு வைத்தவர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நெஞ்சின் நடுவே நெட்டுக்குத் தழும்பு இருந்தால் ஸ்டெத்தை வைத்து அந்த உலோக ‘டிக்’ சத்தத்தைத் தேடுங்கள். மந்தமாகக் கேட்டாலோ கேட்காமலே போனாலோ வால்வில் ரத்தம் உறைந்து மாட்டியிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அசிட்ரோம். உடனே “அசிட்ரோம் சாப்பிடுறீங்களா?” என்று கேளுங்கள். பல் பிடுங்க நிறுத்தியது, மாதவிடாயில் அதிகம் போகிறதென்று நிறுத்தியது, கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்தியது என்று மூன்றில் ஒன்று வரும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அனுப்புங்கள், எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) சொல்லுங்கள். சிகிச்சை அறுவையாக இருக்கலாம், ரத்த உறைவைக் கரைக்கும் மருந்தாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நேரம் முக்கியம்.

நுரையீரல் தெளிவாக இருந்து, கழுத்து நரம்பு மட்டும் புடைத்து, பிபி குறைந்திருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பையும் இதய உறை நீரையும் நினையுங்கள். உறை நீர் இறுக்கும்போது லாசிக்ஸ் கொடுத்தால் ஆள் இன்னும் சரிவார். படுக்கையருகே எக்கோ வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாம் படி: மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இதுதான். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். திட்டு விழும் என்று பயம். அதனால் பையை வாங்கி டிராலி மேல் கொட்டுங்கள். ஒரே நாளில் வாங்கிய இரண்டு அட்டையில் ஒன்று தீரப் போகிறது, இன்னொன்று அப்படியே இருக்கிறது. அந்த இன்னொன்று பெரும்பாலும் நீர் மாத்திரைதான். எங்கே நின்றது என்பதை அட்டையே காட்டிவிடும்.

அப்புறம் ஏன் நின்றது என்று மெதுவாகக் கேளுங்கள். “ஐயா, கல்யாணத்துக்கு வெளியூர் போனீங்களா? பஸ்ல போறப்ப ஒண்ணுக்கு வரும்னு தண்ணி மாத்திரையை விட்டுட்டீங்களா?” என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் பலர் தலையாட்டுவார்கள். பெண்களிடம் இது இன்னும் அதிகம். வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே பயண நாட்களில் மாத்திரையையும் தண்ணீரையும் தவிர்க்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். மற்றவர்கள் சொல்லும் காரணங்கள்: உடம்பு நன்றாகிவிட்டது, காசில்லை, மாத்திரை தீர்ந்தும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை, விரதம், நாட்டு மருந்து ஆரம்பித்ததால் இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதனால் “எந்த மாத்திரை வீட்டுக்கு வருது, எதை நீங்களே போய் வாங்கணும்?” என்று பிரித்துக் கேளுங்கள். நீங்களே வாங்கணும் என்கிற பட்டியலில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

விட்ட மாத்திரையைப் போலவே, புதிதாகச் சேர்ந்த மாத்திரையும் கவிழ்க்கும். முதல் குற்றவாளி வலி மாத்திரை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாலு மாத்திரை மடித்து வாங்கியிருப்பார், அதில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ இருக்கும். அது சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும், லாசிக்ஸின் வேலையையும் மழுக்கும். கூடவே ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் மோசம். பெயர் தெரியாது என்பார்கள். “வலிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா, ஊசி போட்டீங்களா, தைலக்காரர், நாட்டு வைத்தியர் ஏதாவது கொடுத்தாரா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன், தண்ணீரில் போட்டால் பொங்கும் சோடியம் கலந்த மாத்திரைகள், பழைய சீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டில்டியாசெம், திடீரென்று கூட்டிய பீட்டா பிளாக்கர் ஆகியவற்றையும் பாருங்கள். புற்றுநோய்க்கு டாக்சோரூபிசின் போட்டவரா என்றும் ஒரு கேள்வி.

அடுத்தது டிரிப்ஸ். அசதியாக இருக்கிறது, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று கிளினிக்கில் போய்ப் படுக்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அசதிக்கே காரணம் இதயம்தான் என்கிறபோது அந்த ஒரு லிட்டர் நேராக நுரையீரலுக்குப் போகும். கையில் பிளாஸ்டர் ஒட்டிய தடம் இருந்தால் எப்போது, எத்தனை பாட்டில் என்று கேளுங்கள். டெங்குவிலும் இதே ஆபத்து உண்டு. ரத்தக்குழாயிலிருந்து கசிந்த நீர் தானாக உள்ளே திரும்பும் கட்டத்திலும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால், நல்ல இதயம் உள்ளவருக்கே மூச்சு முட்டும்.

நான்காம் படி: நேற்று ராத்திரி என்ன தொட்டுக்கொண்டார்?

உப்பு அதிகம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் “குழம்பில் உப்பே போடுறதில்லை” என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தொட்டுக்கொள்ள என்ன என்று கேளுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல், கடைச் சிப்ஸ் என்று அப்போதுதான் வெளியே வரும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடச் சொல்கிறது. கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சேர்ந்த ஒரு வேளையே அந்தக் கணக்கைத் தின்றுவிடும். பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் அடுத்த நாட்களில் இதைக் கட்டாயம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் உப்புக் கேள்விக்கு முன்னால் கடைசி டயாலிசிஸ் என்றைக்கு என்று கேளுங்கள். ஒரு தடவை விட்டிருந்தால் லாசிக்ஸுக்குப் பெரிதாக வேலையில்லை, நெஃப்ராலஜியைக் கூப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி: காய்ச்சல் இல்லாத தொற்று, ரத்தத்தில் தெரியும் காரணங்கள்

எழுபது வயதுக்கு மேல் நிமோனியா வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். சளியின் நிறம், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் சத்தம், எக்ஸ்ரேயில் ஒருபக்க வெண்மை, இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மூத்திரத் தொற்றையும் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணையும் பார்க்கச் சாக்ஸைக் கழற்றத்தான் வேண்டும். வால்வு நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுத்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டு அனுப்புங்கள். ஹீமோகுளோபின் நாலோ ஐந்தோ இருக்கும் பெண்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த ரத்தசோகையே இதயத்தை ஓடவிட்டுக் களைக்க வைத்திருக்கும். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் ஒவ்வொரு பையாக, மெதுவாக, மூச்சைக் கவனித்துக்கொண்டே ஏற்றுங்கள். மூச்சுத் திணறல் இதயத்தாலா என்றே சந்தேகமிருந்தால் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். 300 பிகோகிராமுக்குக் கீழே என்றால் தீவிர இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டு பேரைத் தனியாகக் கவனியுங்கள்

ஒருவர், மூச்சுத் திணறலோடு வரும் இளம்பெண். இருபத்தைந்து வயதுதானே, வீசிங் என்று நெபுலைசர் வைத்துவிட்டு நகராதீர்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியது தெரியாமலே கல்யாணம் ஆகி, கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அளவும் துடிப்பும் கூடும்போது முதல்முறையாக நுரையீரல் நிரம்பி வருபவர்கள் உண்டு. துடிப்பு வேகமாக ஓடினால் சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரமே கிடைக்காது. அதனால் இவருக்கு வேகத்தைக் குறைப்பதே பாதி வைத்தியம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை, இதயத்தசை தானாகவே தளரும் நோயும் வரலாம். “பிள்ளை பெத்த உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும்” என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே தாமதமாகியிருக்கும். கர்ப்பத்தில் பிபி ஏறியிருந்ததா என்றும் கேளுங்கள். குழந்தை உண்டாகியிருக்கும்போது எனலாப்ரில் வகை மருந்து கூடாது.

இன்னொருவர், தேள் கொட்டிய குழந்தை. இந்தியச் சிவப்புத் தேளின் விஷம் நரம்பு மண்டலத்தைக் கிளப்பிவிட்டு, சில மணி நேரத்தில் இதயத்தைத் தளரவைத்து நுரையீரலை நிரப்பிவிடும். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லென்று, வாந்தி, வேகமான துடிப்பு என்று வந்தால் கொட்டிய இடத்து வலியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் வேலை செய்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்தான் பிரசோசின் மாத்திரை இவர்களைப் பிழைக்கவைக்கும் என்று காட்டியவர். அவர் எடை கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வீதம் வாய்வழியாக, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார். 2011-இல் வெளிவந்த ஆய்வில், தேள் விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் இன்னும் சீக்கிரம் தேறினார்கள். விலை மலிவான இந்த மாத்திரை உங்கள் பிரிவின் அலமாரியில் இருக்கிறதா என்று பணியில் சேரும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கடைசிப் படி: எழுதுங்கள்

ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள். நிமோனியா வந்து, அதனால் சாப்பிடாமல் மாத்திரையை விட்டு, துடிப்பும் தாறுமாறானவர் என்று மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும். எல்லாம் தேடியும் கிடைக்கவில்லையென்றால் ‘தேடினோம், இதுவரை இல்லை’ என்று எழுதுவதும் அடுத்து வருபவருக்கு உதவும்.

கேஸ் ஷீட்டில் ‘தீவிர இதயச் செயலிழப்பு’ என்பதற்குக் கீழேயே ‘தூண்டிய காரணம்’ என்று ஒரு வரி போடுங்கள். இந்த வரியை வைத்தே வார்டில் இருப்பவர் முன்னெச்சரிக்கையாக இருக்க முடியும். பல நாடுகளின் நோயாளிகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பாலோ தொற்றாலோ கவிழ்ந்தவர்கள் அடுத்த 90 நாட்களில் இறக்கும் ஆபத்து அதிகமாகவும், பிபியாலோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாலோ கவிழ்ந்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண்டுபிடித்த காரணத்தை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள்: ‘மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது’, ‘பயண நாளில் நீர் மாத்திரையை விடாமல், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளவும்’, ‘மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வரவும்’. நிமோனியாவால் வந்தவருக்கு ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி ஒரு வரி. ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி வரவேண்டிய தேதியையும் கிழமையையும் எழுதி, மாத்திரை கொடுக்கும் மகளிடமோ மருமகளிடமோ ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.